கோட்டைக் குசினி

மோசல் ஆத்தங்கரை, ஜேர்மனி
12 மே 2025

அப்பாவுக்கு,

ஃபோனிலை என்னை புளொக் பண்ணிப்போட்டியள். கடுதாசியை என்னெண்டு புளொக் பண்ணுவியள் எண்டு பாப்பம்.

கம்பஸ் படிப்பை விட்டது விட்டதுதான். இப்ப எங்கை நிக்கிறன் தெரியுமே? எங்கடை ஹோலிலை கண்ணாடி போட்டுத் தொங்குதே, நீங்கள் கோட் போட்டுக்கொண்டு நிக்கிற படம், அந்தக் கோட்டையிலை. எண்ணூறு வருசக் கல்லு. கீழை ஆறு வளைஞ்சு போகுது, ரெண்டு பக்கமும் வைனுக்கு வளக்கிற முந்திரிகைத் தோட்டம். உள்ளை ஒரு ரெஸ்ரோரண்ட். அதின்ரை குசினியிலை கோப்பை கழுவுறன்.

அக்கான்ரை கலியாணத்துக்கு வரட்டோ?

சாம்பவி

மார்க்கம், கனடா
30 மே 2025

பிள்ளை சாம்பவிக்கு,

நாங்கள் சுகம். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ ஜேர்மனியிலை இஞ்சினியரிங் படிக்கிறாய் எண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு. நிலாணியின்ரை கலியாணக் கார்ட்டிலும் உன்ரை பேருக்குப் பக்கத்திலை அப்பிடித்தான் அடிச்சிருக்கு. கேக்கிற ஆக்களுக்கு நீயும் அதையே சொல்லுறதெண்டால் வா. இல்லாட்டி வராதை.

அந்தக் கோட்டையிலை நான் ஒஃபிஸிலை மரியாதையா வேலை செய்தனான். கோப்பை கழுவப் போகேல்லை.

அப்பா

14 ஜூன் 2025

அப்பா,

குசினிச் சுவரிலை முந்தி வேலை செய்த ஆக்களின்ரை படங்கள் ஒட்டியிருக்கு. 1987இலை ஒரு மெலிஞ்ச பெடியன். ஏப்ரன் கட்டியிருக்கு, ரெண்டு கையும் சிவந்து வெடிச்சிருக்கு. கீழை 'மகேஸ்வரன்' எண்டு எழுதியிருக்கு. நான் கழுவுற அதே சிங்குக்கு முன்னாலைதான் நிக்கிறியள்.

அந்தக் கோட்டும் இரவல்தானே?

படத்தின்ரை கொப்பி உள்ளுக்கை இருக்கு. அம்மாவுக்கும் அக்காவுக்கும் அனுப்பேல்லை. என்ரை கையும் இப்ப அப்பிடித்தான் கிடக்கு.

ஆனா நான் பொய் சொல்லமாட்டன். அந்தக் கார்ட்டுக்கு நான் வரேல்லை.

சாம்பவி

மார்க்கம்
2 ஜூலை 2025

பிள்ளை,

கோட் இரவல்தான். வெயிட்டர் அல்பேட்டின்ரை. ஊரிலை இருந்த என்ரை ஐயாவுக்கு, உன்ரை அப்பப்பாவுக்கு, அனுப்பவெண்டு எடுத்த படம். 'ஒஃபிஸ் வேலை' எண்டு பின்னுக்கு எழுதிவிட்டன். ஐயா அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினவர். பிறகு மாத்திச் சொல்ல வாய் வரேல்லை. அவர் போய்ச் சேந்த பிறகும் வரேல்லை.

முன்னூறு கார்ட். திருப்பி அடிக்க நேரமில்லை எண்டு பிறெஸ்காரர் சொல்லிட்டினம். மேசையிலை இருந்துகொண்டு ஒவ்வொண்டா, உன்ரை பேருக்குப் பக்கத்திலை இருந்ததைப் பேனையாலை வெட்டினன். கொம்மா ஏனெண்டு கேட்டா. நீ அனுப்பின படத்தைக் குடுத்தன். கனநேரம் பாத்தா. ஒரு பேனையை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்திலை இருந்தா.

ஒரு கார்ட் இதோடை வைச்சிருக்கிறன்.

கைக்கு வசிலின் பூசு. பிளேன் நேரத்தை ஃபோனிலை சொல்லு. புளொக்கை எடுத்துப்போட்டன்.

அப்பா