எல்லா ஊருக்கும் ஒரே அலை

ஏட்டி,

இன்று காலை நம் அலை எச்சரிக்கை ஆபீஸ் திரையில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் குமரிமுனைக்குக் கிழக்கே இருக்கும் ஊர்களுக்கும் ஒரே அலை உயரம். பார்த்ததும் சிரித்துவிட்டேன். நீ போயும் அந்தப் பழைய வினை போகவில்லை பார், புது ஸ்கிரிப்டிலும் வந்து நிற்கிறது! ஸ்கிரிப்டைத் தொடும் முன் போனை எடுத்து, "நாங்க அனுப்புனது தப்பு" என்று ஊர் ஊராகச் சொன்னேன். உன் பழக்கம்தான்.

அன்று எச்சரிக்கை அனுப்பும் ஸ்கிரிப்டை, பெர்ல் என்ற கணினி மொழியில், எழுதியவள் நீ. இந்த வினை முதலில் வந்தது ஓர் ஆடி மாதம். குறுஞ்செய்தி ஒவ்வொரு ஊர்க் கோயிலுக்கும் போகும், அங்கே மைக்கில் சொல்வார்கள், அதைக் கேட்டுத்தான் வள்ளம் கடலில் இறங்கும். செய்தி போன பிறகு திரையைப் பார்த்தாய். எல்லா ஊரிலும் கடல் அமைதி!

"கிழக்கே அடங்குனா மேக்கேயும் அடங்குமா? ஆரு எழுதுனது இத?"

"நீதான்" என்றேன்.

மேலாளர், "சத்தமில்லாம திருத்தி வேற செய்தி அனுப்பிருங்க" என்றார். உனக்கு வந்ததே கோபம்! "நாம திருத்தி முடிக்கதுக்குள்ள எங்க அண்ணன் வள்ளத்தத் தள்ளிருவான் சார்" என்று உன் ஊர்க் கோயில் ஃபாதரைப் போனில் கூப்பிட்டாய். "நான் அனுப்புனது தப்பு ஃபாதர். என் பேரச் சொல்லியே மைக்குல சொல்லுங்க. ஒருத்தரும் எறங்கண்டாம்." மற்ற ஊர்களுக்கு நான் போன் போட்டேன்.

அப்புறம்தான் கோடுக்கு வந்தாய். ஊர் ஊராகச் சுற்றி வரும் லூப்புக்குள் பிரிண்ட் போட்டால் எண்கள் சரி, வெளியே வந்தால் எல்லாம் கடைசி ஊரின் எண்கள். ஊருக்கு ஊர் அதே ஒரு அரேயைத்தான், அதாவது எண் பட்டியலைத்தான், அழித்து அழித்து நிரப்பியிருந்தாய். எல்லா ஊரையும் சேர்க்கும் பெரிய அரேக்குள் போனதெல்லாம் எண்களின் நகல் அல்ல, அந்த ஒன்றின் முகவரி மட்டும். கடைசியாக நிரம்பியது கிழக்குக்கரை ஊர். அரேயை லூப்புக்குள்ளேயே புதிதாக அறிவித்தாய், அவ்வளவுதான். மேற்கே எல்லா ஊருக்கும் சிவப்பு எச்சரிக்கை வந்தது. "இனி ஊரு முழுக்க என்னய வச்சு செய்வானுவ" என்று சொல்லிக்கொண்டே பழம்பொரி தின்றாய்.

செய்தார்கள்தான். ‘கடலடக்கி’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள். அந்தச் சாயங்காலம் கடல் ரோட்டைத் தாண்டி வந்ததைப் பார்த்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஆனால் வேறு குரலில்.

உன்னைக் கல்லறைக்கு எடுத்த அன்று பெட்டிக்குத் தோள் கொடுத்திருந்த உன் அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்கு இவ ஃபாதர்ட்ட சொல்லலேன்னா, இன்னைக்கு இவளத் தூக்க நான் இருந்திருக்க மாட்டேன் மக்கா."

அழுகையோடு எனக்குப் பெருமையும் பொங்கியது ஏட்டி. பிறகு அழுகை மட்டும் அடங்கிவிட்டது.