ஷவரில் தண்ணீர் வரவில்லை

ஐப்பசி 12, காலை 6.20

செவ்வாய், வடக்குச் சமவெளி, நான்காம் நிலையம். பணியில் இருப்பவர்: இசக்கியப்பன், பராமரிப்பு. தனி ஆள். தேதி என் தினசரிக் காலண்டர்படி. நான் கிழிப்பதுதான் இங்கே தேதி.

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் யூனிட் சரி. வெளியே புழுதி. ஷவரில் தண்ணீர் வரவில்லை. பம்ப் உறுமுகிறது, சொட்டு இறங்கவில்லை. பாளையங்கோட்டை வீட்டு மோட்டார் பத்து வருடம் என் உயிரை வாங்கியது. இவ்வளவு தூரம் ஓடிவந்தும் பிடித்த சனியன் விடவில்லை.

ஐப்பசி 12, மாலை 4.00

பூமிக் கட்டுப்பாட்டு அறையில் ஹமீதா. கேட்டால் பதில் வர அரை மணி ஆகிறது.

"சார், பவர் வருதான்னு பாருங்க. அப்புறம் கெப்பாசிட்டர். அப்புறம் பம்புல ஏர் லாக். வேற எதையும் தொடாதீங்க, ப்ளீஸ்."

பவர் வருகிறது. கெப்பாசிட்டரை மாற்றினேன். ஏர் லாக் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மூடியைத் திருகி ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். கொப்பளித்தது, பிறகு பழைய உறுமல். மூன்று நாளுக்கு ஒரு குளியல்தான் அனுமதி. கடைசிக் குளியல் தீபாவளியன்று. என் நாற்றம் எனக்கே தாங்கவில்லை.

ஐப்பசி 12, இரவு 8.10

வேலை முடிந்தது. ஊரில் எல்லோரும் செய்வதுதான்: தண்ணீர் வரும் வழியில் உள்ள ஃபில்டரைத் தொடவே இல்லை, அதைத் தாண்டி ஒரு டியூப் போட்டு பம்பை டைரக்டாக ஓட்டினேன். தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. குளித்தேன். ஹமீதாவுக்குச் சொல்லவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

ஐப்பசி 13, காலை 9.40

ஆக்சிஜன் யூனிட்டில் மஞ்சள் விளக்கு. பார்க்க வேண்டும். அதற்குள் வீட்டிலிருந்து குரல் வந்தது. என் மனைவி பிரம்மசக்தி.

"ஏங்க, தீவாளிக்கு எண்ண தேச்சுக் குளிச்சீயளா? நல்லெண்ணயும் சீயக்காயும் ஒங்க பைக்குள்ள துணிக்கு அடியில ஒளிச்சுல்லா வச்சேன், சோதன பண்ணுதவன் கண்ணுல படாம. நீங்க சூடு தாங்க மாட்டிய. மிச்சம் இருந்தா சனிக்கெழமைக்குச் சனிக்கெழம தேச்சுக் குளிங்க."

குளித்தேன். இரண்டு கை எண்ணெய், ஒரு கை சீயக்காய். இங்கே வந்த பிறகு அன்று ஒரு நாள்தான் நன்றாகத் தூங்கினேன்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஃபில்டரைத் திறந்தேன். பழுப்பு நிறத்தில் களிபோல இறுகிக் கிடந்தது. முகர்ந்தேன். எங்கள் குளியலறை வாசம்.

இங்கே குளித்த தண்ணீர் சாக்கடைக்குப் போவதில்லை. ஃபில்டர் வழியாகத் திரும்பி வந்து குடிநீராகிறது. அதில் ஒரு பங்கைத் தட்டுகளில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்துத்தான் ஆக்சிஜன் யூனிட் எனக்கு மூச்சு தருகிறது. அடைத்துக்கொண்ட ஃபில்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நான் அதைச் சுற்றி டியூப் போட்டேன்.

ஐப்பசி 13, மாலை 6.30

டியூபைப் பிடுங்கிவிட்டேன். சிவப்பு விளக்கு.

"சார், ஆக்சிஜன் தட்டு பூரா எண்ணெய் படிஞ்சிருக்கு. உங்க சாமான் லிஸ்ட்ல எண்ணெயே இல்லியே, எப்படி சார் வந்துச்சு?"

பம்பின் ஆயில் சீல் போய், அதன் எண்ணெய் கசிந்துவிட்டது என்றேன். வாயில் அதுதான் வந்தது.

ஐப்பசி 14, மதியம்

தட்டுகளைக் கழற்றிச் சோப்பு போட்டேன். வெந்நீரில் போட்டேன். காய வைத்து மாட்டினேன். சிவப்பு. மறுபடி கழற்றினேன். சிவப்பு. சீயக்காய் எண்ணெயை எடுக்கும் என்று நம்பித்தானே தேய்க்கிறோம். என் தலையில் எடுத்ததைப் பத்திரமாக அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது.

"மூணாம் ஸ்டேஷன்ல வண்டி ரெடி சார். புயல் அடங்கினாதான் கிளப்ப முடியும். அடுத்த வாரம் ஆகும்ங்கறாங்க. கையில இருக்கற ஆக்சிஜன் சிலிண்டர் எது வரைக்கும் வரும், சார்?"

வெள்ளிக்கிழமை வரை. சொன்னேன். அரை மணி கழித்து அவள் அழுவது மட்டும் வந்தது. வீட்டுக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஐப்பசி 15, நேரம் குறிக்கவில்லை

இதைக் கண்டெடுப்பவருக்கு.

பொட்டலம் கட்டியது என் மனைவி. டியூப் போட்டது நான். தொடாதே என்று சொல்லியும் தொட்டது நான். ஆனால் அவள் காதில் முதல் பாதிதான் விழும். நான் மாடிப்படியில் தடுக்கி விழுந்தால்கூட, அன்று வைத்த ரசத்தில் என்ன குறை என்று யோசிப்பவள் அவள். மிச்ச ஆயுள் முழுக்கத் தன் கையால்தான் என்னைக் கொன்றதாக நினைத்துக்கொண்டிருப்பாள். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. இதற்கு அதைவிடப் பயமாக இருக்கிறது.

ஒருமுறை பதிந்ததை அழிக்க இந்த மெஷின் என்னை விடாது. உங்களை விடும். பன்னிரண்டாம் தேதி இரவிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், கடைசிப் பதிவை மட்டும் வையுங்கள். ஃபில்டரைக் கழுவிவிட்டேன். எண்ணெய்ப் பாட்டிலையும் பொட்டலத்தையும் வெளியே புழுதியில் வீசிவிட்டேன். ஒரு பிடி சீயக்காய் மட்டும் சட்டைப் பையில் இருக்கிறது, முகர்வதற்கு. அதையும் எடுத்துவிடுங்கள்.

ஐப்பசி 17, மாலை

கடைசி சிலிண்டர். வால்வைக் குறைத்து வைத்திருக்கிறேன். தலைவலி. வீட்டிலிருந்து குரல்.

"ஏங்க, சரக்குக் கப்பல் தை மாசம் கெளம்புதாம்லா. இன்னும் ரெண்டு பொட்டலம் ஒளிச்சு வச்சு விடட்டா? இந்தத் தடவ பூந்திக்கொட்டயும் போட்டு அரைச்சிருக்கேன். சும்மா பேசாம இருக்காதீய, பதில் சொல்லுங்க."

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினேன். "வச்சு விடு, பிள்ள. தல பஞ்சு மாதிரி இருக்கு."

ஐப்பசி 18

இறுதி அறிக்கை. கோளாறு ஷவர் பம்ப். காரணம் ஆயில் சீல், பழசு. வீட்டிலிருந்து வந்த பொருள் எதுவும் இங்கே இல்லை. யார் மீதும் தவறு இல்லை

ஹமீதா நல்ல பெண்

காலண்டர் கிழித்தேன். சனிக்கிழமை. எண்ணெய் தேய்க்க