இரண்டு கையும் ஒரே அளவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

பதறாமல் படியுங்கள். சின்ன வயதில் வெந்நீர் கொட்டி மடங்கிப்போன என் வலது முழங்கையை இங்கே ஆஸ்பத்திரியில் நீட்டிவிட்டார்கள். இறுகிய தழும்பை வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். மறுபடி மடங்காமலிருக்க, தூங்கும்போது கட்டை வைத்துக் கட்ட வேண்டும். அறை நண்பர் கட்டிவிடுவார். அவருக்கு இரவு வேலை என்றால் பல்லால் இழுத்து நானே கட்டிக்கொள்வேன்.

நான் வேலை செய்யும் கிடங்கின் மேனேஜர் பார்க்க வந்தார். “மாரோட கைய மடக்கி நிப்பியே, மரியாதை தெரிஞ்ச ஆளுன்னுல்ல நெனச்சேன்! அடப்பாவி, தழும்பாய்யா அது?” என்றார். இனி அவரிடம் மரியாதையாக நிற்க, தனியாகப் பழக வேண்டும்.

பழைய வேட்டியை நாலு விரல் அகலத்தில் கிழித்து அனுப்புங்கள். கட்டையைக் கட்ட இங்கே தந்த பட்டை அரிக்கிறது. உங்கள் புடவையானாலும் சரி.

கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போக வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும். முழங்கையில் துணி குவியாமலிருக்க என் சட்டையின் வலது கையில் மடிப்புப் பிடித்துத் தைப்பீர்களே, அது இனி வேண்டாம். இரண்டு கையும் ஒரே அளவாக வெட்டுங்கள்.

உங்கள் மகன்