ஐஸ்பெட்டிக் கதவில் திராட்சைப் படம்

நவ. 2, திங்கள்
காலையிலிருந்து மழை. சிகாமட் ஆறு இன்னும் ஏறவில்லை. துணி எதுவும் காயவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் மாலா டீச்சர் வந்தார். மகள் யாழினிக்கு மூன்று வயது, இன்னும் ஒரு சொல் இல்லை. ஆட்டிசம் என்று சொல்ல இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் வாய் வருகிறது.

டீச்சர் சமையலறை ஐஸ்பெட்டிக் கதவில் திராட்சைப் படம் ஒட்டினார். "பாப்பாவே படத்த எடுத்து உங்க கையில கொடுக்கணும். அப்பதான் பழம். வீட்டுல எல்லாரும் இப்படியே செய்யணும்மா, நீங்க மட்டும் செஞ்சா பத்தாது."

எல்லாரும் என்றால் நானும் ஐஸ்பெட்டியும். இவருக்குச் சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வீடு.

நவ. 4, புதன்
படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள். அழுகை. அவள் விரலைப் பிடித்துப் படத்தை எடுக்க வைத்து, வாங்கி, "திராட்சை" என்று சொல்லி, பாதியாக நறுக்கிக் கொடுத்தேன். மறுபடியும். மறுபடியும்.

வாங்க: நெய், முறுக்கு மாவு, பல்பு.

இவர் போனில்: "தீபாவளிக்கு நம்ம வீட்டுல ஓப்பன் ஹவுஸ் விருந்து லா. கூட வேலை செய்றவங்க எல்லாம் வராங்க. அவள கொஞ்சம் அடக்கி வச்சுக்கோ."

அடக்கி. கோபத்தில் ஒரு ஈடு முறுக்கு கருகியது.

நவ. 7, சனி
இவர் வந்தார். ரெங்கம் ஊரிலிருந்து இவருடைய அக்காவும். வந்ததும் அக்கா கையால் ஒரு கிண்ணம் நிறையத் திராட்சை, யாழினி மடியில்.

"புள்ளய ஏங்க வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

டீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

"அந்த டீச்சருக்குப் புள்ள இருக்கா?"

இருக்கிறது, இரண்டு. அடுப்படிக்குப் போனேன்.

நவ. 8, தீபாவளி
எண்ணெய்க் குளியல் முடிந்தது. புதுப் பாவாடையின் ஜரிகை குத்தி, கழற்றி எறிந்தாள். பழைய பனியன் போட்டுவிட்டேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு நிறைய ஆட்கள். ஐஸ்பெட்டிக் கதவில் படம் இல்லை.

"நான்தான் எடுத்தேன்," என்றார் அக்கா. "வர்றவங்க என்னன்னு கேப்பாங்க. நாளைக்கு இவளுக்கு ஒரு நல்லது நடக்க வேணாமா?" எங்கே வைத்தார் என்பது அவருக்கே ஞாபகமில்லையாம். இவர் காதிலும் விழுந்தது. ரெண்டாங் கறி பரிமாறிக்கொண்டிருந்தார்.

யாழினி கூட்டத்துக்குள் புகுந்து நேராக ஐஸ்பெட்டிக்குப் போனாள். படம் இருந்த இடத்தைத் தடவினாள். குனிந்து தரையில் தேடினாள். பிறகு இவரிடம் போய், தன் வெறுங்கையை இவர் உள்ளங்கையில் வைத்தாள்.

கேட்டாள். யாரும் விரலைப் பிடிக்காமல், முதல் தடவையாக. என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

இவர் அவளைத் தூக்கி என்னிடம் தந்தார். "ரூமுக்குக் கொண்டு போ. ஆளுங்க பாக்குறாங்க."

அவளை அறையில் விட்டுவிட்டுத் திராட்சை எடுக்க ஓடினேன். அக்கா எல்லாவற்றையும் தட்டில் வைத்து விருந்தாளிகளுக்குக் கொடுத்து முடித்திருந்தார்.