டர்ரல் கையில் விழுந்த பந்து

அன்புக் கண்ணு லெட்டிக்கு அம்மா எழுதுவது. அலபாமாவில் நாங்கள் மூவரும் சுகம், அலாஸ்கா பனியில் நீயும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, சமையலறைக் கூரை ஒழுகுவதுதான் நின்றபாடில்லை. சனிக்கிழமை புயலில் நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் டிவி வரவில்லை என்றாயே, தம்பியின் ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று இதற்குள் கேள்விப்பட்டிருப்பாய், ஆனால் நடந்ததை நான் சொல்லித்தான் நீ கேட்க வேண்டும், எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

உன் தம்பி டர்ரலுக்கு இது கல்லூரியில் கடைசி ஆட்டம். அப்பாவும் தாத்தாவும் பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஃபுட்பால் ஆடிய கேல்டன் கல்லூரி, இவன் ஓட்டம் போதாது என்று வேண்டாமென்றதும், இவன் நேரே பரம எதிரியான பெல்மோரில் போய்ச் சேர்ந்ததும் அப்பாவுக்கு எவ்வளவு கசந்தது என்று உனக்குத் தெரியும். இரண்டு கல்லூரியும் மோதும்போதெல்லாம், மகன் அந்தப் பக்கம் ஆடினாலும், இவர் கேல்டன் பக்கம்தான் உட்காருவார். இந்தத் தடவையும் சிவப்புத் தொப்பியோடு அங்கேயே போய் உட்கார்ந்தார், பக்கத்தில் நான் பெல்மோரின் மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு. பின்னாலிருந்த ஒரு மீசைக்காரர், "என்னக்கா, வழி தப்பி வந்துட்டீங்களா? உங்க ஆளுங்க அழுறதுக்கு அந்தப் பக்கம்ல இடம் போட்டிருக்கு" என்றார். "கைக்குட்டை ரெண்டு கொண்டாந்திருக்கேன், உங்களுக்கும் ஒண்ணு தரேன்" என்று சொல்லி அவித்த கடலையை நீட்டினேன், வாங்கிக்கொண்டார்.

கேல்டன்தான் முன்னால் இருந்தது, நேரமும் தீர்ந்துவிட்டது, பெல்மோருக்கு மிச்சம் ஒரே ஒரு வீச்சு. டர்ரலின் வேலை, பந்து எறிகிறவன் மேல் யாரும் பாயாமல் சுவர் மாதிரி முன்னால் நிற்பது, அவ்வளவுதான், நாலு வருஷத்தில் ஒரு ஆட்டத்திலும் அவன் பந்தைத் தொட்டதில்லை. எறிந்த பந்தைக் கேல்டன் பையன் ஒருவன் எகிறித் தட்டினான், அது நேராக வானத்துக்குப் போனது, எங்களைச் சுற்றி எல்லோரும் ஜெயித்தாயிற்று என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பந்து இறங்கி வந்து உன் தம்பியின் மார்பில் விழுந்தது. யாரோ ஒரு குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டுப் போன மாதிரி அதைப் பார்த்தான். பிறகு ஓடினான். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு பாதி மைதானம் ஓடினான் லெட்டி. முதுகில் ஒருவன் தொங்கினான், காலை ஒருவன் கட்டிக்கொண்டான், அவர்களையும் இழுத்துக்கொண்டே போய் மைதானத்தின் கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான். அத்தனை பெரிய கூட்டம் அடங்கிப்போனது, சர்ச்சில்கூட அப்படி நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் சத்தம் கிளம்பியது. செல்லாது, சுவராக நிற்கிறவன் எறிந்த பந்தைப் பிடிக்கக் கூடாது என்று நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் முழுக்கக் கத்தியது, நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அப்பா மெல்ல "செல்லும்" என்றார். மீசைக்காரர் குனிந்து, "நீ எந்தப் பக்கம்யா?" என்றார். "முதல்ல நம்ம கேல்டன் பையன் கை பட்டுடுச்சு. அதுக்கப்புறம் யார் பிடிச்சாலும் செல்லும்." "அந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டுப் பேசற பேச்சா இது?" அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நடுவர் இரண்டு கையையும் தூக்கினார், புள்ளி செல்லும், பெல்மோர் ஜெயித்தாயிற்று. மீசைக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தடியனுக்கு எங்கேருந்துய்யா வந்துச்சு அந்த ஓட்டம்?" என்றார். அப்பா மடியிலிருந்த தொப்பியையே தடவிக்கொண்டிருந்தார். நான்தான் "எங்க வீட்லேருந்து" என்றேன். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த மனுஷர் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கீழே போனோம். டர்ரல் அந்தப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தான். "நான் ஒண்ணும் பண்ணலப்பா, அதுவா வந்து விழுந்துச்சு" என்றான். "விழுந்தது அதுவா. ஓடினது நீ" என்றார் அப்பா, முழங்கால் வலியோடு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்று ஞாயிறு, அவன் இங்கே தன் பழைய கட்டிலில் தூங்குகிறான். சத்தத்தில் அவன் விழித்துவிடுவான் என்று அப்பா போனை அணைத்து வைத்துவிட்டார், என்னைக் குழாயைக்கூடத் திறக்கவிடவில்லை. காலையிலிருந்து கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்க்கிறார், அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த மாதிரியே.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள். தம்பியைக் கூப்பிட்டு அவன் வாயாலேயே சொல்லச் சொல். கர்த்தர் உன்னை எந்தக் குறையும் வராமல் காக்கட்டும்.

உன் அம்மா,
வெர்லீன்