அல்வா போகாத வீடு

என் செல்ல அம்மாவுக்கு,

நீ பொய் சொன்னாய். ஒவ்வொரு தீபாவளிக்கும், அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, கூசாமல் சொன்னாய்.

மேலூர்ப் பக்கம் நம் ஊரில், நீ வேலைக்குப் போன வயல்காரர் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியில் அதிரசமும் முறுக்கும் வரும். வாளியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது உன் சட்டம். அன்றைக்கு நம் கூரையில் காய்த்த பரங்கிக்காயைத் துருவி, தெருவே மணக்க அல்வா கிண்டியிருப்பாய். ஆனால் வாளியோடு போவது அல்வா இல்லை. அடுப்பையே பார்க்காத ஒரு முழுப் பரங்கிக்காய்.

"ஏம்மா, அல்வா குடுக்கல?"

"அவுகளுக்குச் சுகர்டி."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். பேசாம தின்னு."

உன் அல்வாவின் பேரைக் கேள்விப்பட்டு, அந்த வீட்டம்மா உன்னைப் பின்வாசலில் நிறுத்தி, "நீ எப்படித்தான் கிண்டுற?" என்று பக்குவம் கேட்டது நினைவிருக்கிறதா? துருவல் நெய்யில் தண்ணீர் வற்றச் சுண்டிய பிறகுதான் சர்க்கரை போட வேண்டும் என்று நீயும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். உன் காய் அந்த வீட்டுக்குள் போனது. உன் பக்குவமும் போனது. நீ கிண்டியது மட்டும் போகவில்லை. அதற்குப் பேர் சுகர் இல்லை அம்மா, சாதி. கடைசியில் சுகர் வந்தது உனக்குத்தான். மிஞ்சிய அல்வாவை வீணாக்க மனசில்லாமல் நீதானே தின்றாய்?

சரி, இப்போதைய சேதிக்கு வாரேன்.

நானும் என்னோடு வேலை பார்க்கும் செல்வியும் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடிவீட்டில் இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அக்கா. குடிவந்த அன்றே, "மேலூர்ப் பக்கம்னா எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்று விசாரித்தார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? தெருவைச் சொன்னேன். சாவியைக் கொடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இந்தத் தீபாவளிக்கு அவர் ஒரு டப்பாவில் அதிரசம் கொடுத்தார். உன் சட்டம் என்னையும் விடவில்லை. மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில் பரங்கிக்காய் வாங்கிவந்து துருவினோம். அவசரத்தில் சர்க்கரையை முதலிலேயே கொட்டிவிட்டேன். சட்டியெல்லாம் தண்ணீர்.

"ஏடி, இது அல்வாவா, ரசமா? தம்ளர் எடுக்கவா?" என்றாள் செல்வி.

கை மாற்றிக் கை மாற்றிக் கிண்டினோம். தோள் கழன்ற பிறகுதான் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்தது.

டப்பாவோடு கீழே போனேன். "பரங்கிக்காய் அல்வாக்கா. நான் கிண்டுனது."

"ஐயோ, எனக்குச் சுகரும்மா."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "வீட்ல எல்லாருக்குமாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா என்னையே பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மாத்திரை அட்டையோடு திரும்பி வந்து, என் மூக்குக்கு நேரே ஆட்டினார். "இந்தா, பாத்துக்க." பிறகு டப்பாவைத் திறந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொரு விள்ளல் எடுத்தார்.

"நெய்ய இம்புட்டு ஊத்தியிருக்க, இனிப்பு பத்தலையே" என்றார் அந்தச் சுகர்காரி.

மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தேன் அம்மா. ஒரு விள்ளலில் உலகம் திருந்திவிட்டது என்று எழுத மாட்டேன். அந்தத் தெருக் கேள்வியை நான் மறக்கவில்லை. ஆனால் நீ கிண்டியதை யாரும் உன் கண்முன்னே தின்று, குறை சொன்னதில்லையே. அந்தக் குறைகூட உனக்குக் கிடைக்கவில்லையே.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். வயல்காரர் வீட்டு முன்வாசலுக்கு அல்வாவோடு போறேன், பரங்கிக்காய் கிடையாது. சுகர் என்றால் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்வேன். வாங்காவிட்டால், அந்த வாசலிலேயே நின்று முழுவதையும் நானே தின்பேன்.

அதற்குள் நீ எனக்கு ஒன்று செய்தாக வேண்டும். கனவிலாவது வந்து, ஒரே ஒரு தடவை, அவுகளுக்குச் சுகர் இல்லை என்று உன் வாயால் சொல்லு.

சொல்லும்மா.

உன் வாயாடி மக