கம்பியில் குத்திய சீட்டுகள்

மாமாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறதென்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், நன்றாக இருக்கிறேன்.

ஊட்டியில் தலைவலிக்கு எடுத்த ஸ்கேன் படத்தைப் பார்த்து, மூளையைச் சுற்றியுள்ள உறை முழுக்க வெள்ளையாக மின்னுகிறது, புற்றுநோய் பரவியிருக்கலாம் என்றார்கள். அன்று மாலையே பாப்பாவை உங்கள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். தேயிலைக்கு விலையில்லாத காலத்தில் வைத்தியத்துக்கு எங்கே போவது என்றீர்கள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

போன மாதம் தனியாகக் கோயமுத்தூர் போய் வேறொரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். தேயிலை எடை போட்டுத் தரும் சீட்டுகளைப் போலவே ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் தேதிவாரியாகக் கம்பியில் குத்தி வைத்திருந்தேனே, நீங்கள்கூடச் சிரித்தீர்களே, அந்தக் கம்பியோடுதான் போனேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஏம்மா, காய்ச்சலுக்கு முதுகுத்தண்டுல ஊசி குத்தி நீர் எடுத்த பொறகா இந்தப் படம் எடுத்தாங்க? படுத்தா தலைவலி நிக்குதா?"

"ஆமாங்க. எந்திரிச்சா மண்டை பொளக்குதுங்க."

"ஊசி குத்துன ஓட்டையில நீர் கசியுது. மூளையைச் சுத்தி நீர் கொறஞ்சதால உறையில ரத்தம் கூடியிருக்கு, அதான் மின்னுது. ஊசி குத்தி நீர் எடுத்ததைப் படம் பாத்தவருக்கு யாரும் சொல்லலை. இது புற்றுநோய் இல்லம்மா."

என் ரத்தத்தையே எடுத்து முதுகில் ஏற்றி ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பாப்பாவைக் கொண்டுவந்து விடுங்கள். இல்லாவிட்டால் நானே வருவேன். நீங்களும் இங்கே தங்குவதா என்பதை அப்புறம் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை அடுப்புமேடையில் வைத்து, முதல் வரியிலிருந்து நின்றுகொண்டேதான் எழுதினேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா